பொக்கிமோனும் பிடித்தல் என்ற சொல்லும்

2025 ஓகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு உடுப்பிட்டிக்கு வந்திருந்தாள். அவளுடைய மகனுக்குப் பதினொரு வயது. அவனது பயணப்பையில் உடுப்புகளைவிடக் கவனமாக வைக்கப்பட்டிருந்தது ஒரு தடித்த அல்பம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்பது பிளாஸ்ரிக் உறைகள். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஓர் அட்டை. அட்டைதோறும் ஒரு விசித்திரப் பிராணியின் படம், அதன் பெயர், அதன் பலம், அதன் பலவீனம். முற்றத்து மாமர நிழலில் என்னை இருத்தி ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தான். நாற்பது வருடத்துக்கு முந்திய தமிழ் இலக்கண வகுப்பில்கூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் கேட்டான்: "மாமா, நீங்கள் சின்னனா இருக்கேக்க என்ன பிடிச்சனீங்கள்?"

"பொன்வண்டு" என்றேன். நெருப்புப் பெட்டிக்குள் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்த கதையைச் சொன்னேன். பச்சையும் பொன்னுமாக மின்னும் அந்த வண்டு பெட்டிக்குள் முட்டையிடும் என்பதை அவன் நம்பவில்லை. யாரிடம் பெரிய வண்டு இருக்கிறது என்பதில் எங்களுக்குள் போட்டி. ஒரு பொன்வண்டுக்கு இரண்டு முத்திரை என்ற கணக்கில் பண்டமாற்றும் நடக்கும். அவனுக்கு அது உடனே விளங்கிவிட்டது. "அப்ப நீங்களும் பொக்கிமோன்தான் விளையாடியிருக்கிறியள்" என்றான்.

குசினிக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது. "பிடிச்ச கதையை இப்ப விடுங்கோ அண்ணா."

அவள் சொன்னது பொன்வண்டை அல்ல. அதைப் பின்னர் சொல்கிறேன்.

என் மருமகன் தன்னையறியாமலே சரியான இடத்தைத் தொட்டுவிட்டான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பொக்கிமோனை உருவாக்கிய சத்தோசி தஜிரி 1965இல் பிறந்தவர். தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். சிறுவயதில் அவருக்குப் பூச்சி பிடிப்பதே வேலை. கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பூச்சி டொக்ரர்'. வயலும் குளமும் இருந்த மச்சிடாவில் கட்டடங்கள் எழுந்தன, பூச்சிகள் மறைந்தன. தன் காலத்துச் சிறுவன் அனுபவித்த தேடலையும் பிடித்தலையும் இனிவரும் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற எண்ணத்திலிருந்தே இந்த விளையாட்டு பிறந்ததாக அவர் பல தடவை கூறியிருக்கிறார்.

இன்னொரு விடயம். நின்ரெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'கேம் போய்' என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டிகள் இரண்டை ஒரு வயரினால் இணைக்கலாம். அந்த வயரைப் பார்த்தபோது, அதன் வழியே ஒரு பூச்சி ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிக்கு ஊர்ந்து போவதாக அவருக்கு ஒரு கற்பனை தோன்றியதாம். ஆகவே அவர் விளையாட்டை இரண்டு பதிப்புகளாக ஆக்கினார்: சிவப்பு, பச்சை. சில பிராணிகள் ஒன்றில் மட்டும் இருக்கும். சில மற்றதில் மட்டும். தனியொருவன் எவ்வளவு கெட்டித்தனமாக விளையாடினாலும் எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. கூட்டாளியிடம் போய் மாற்றியாக வேண்டும். "எல்லாவற்றையும் பிடி" என்ற பொருள்படும் புகழ்பெற்ற சுலோகம் 1998இல் இந்த விளையாட்டு அமெரிக்காவுக்குப் போனபோது அங்குள்ள விளம்பரக்காரர் ஒட்டியது. தஜிரியின் மூல எண்ணத்தில் பிடித்தலோடு கொடுத்தலும் சம அளவில் இருந்தது.

முதலாவது விளையாட்டு யப்பானியக் கடைகளுக்கு வந்த நாள் 1996 பெப்ரவரி 27. அந்த மாதத்தில் உடுப்பிட்டி எப்படியிருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து வெளியேறிய இலட்சக்கணக்கான மக்களில் ஒரு பகுதியினர் வடமராட்சியில் இருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் நிறைந்திருந்தன, கோயில் மடங்கள் நிறைந்திருந்தன, எங்கள் வீட்டு விறாந்தையிலும் மூன்று குடும்பங்கள். 1990 முதல் மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

தஜிரியின் விளையாட்டுப் பெட்டி இயங்குவதற்கு நான்கு சிறிய பற்றறிகள் வேண்டும். குடாநாட்டுக்குக் கொண்டுவரக் கூடாதென அரசாங்கம் தடைசெய்திருந்த பொருள்களின் பட்டியலில் பற்றறியும் ஒன்று. செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியை இயக்கிய சனங்கள் நாங்கள். உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாஷை அந்த மாதம் பிறந்தது. எங்கள் விறாந்தையில் படுத்திருந்த பிள்ளைகளுக்கு அதன் முதல் எழுத்துகூடத் தெரிய வழியில்லாதிருந்தது. ஏப்ரில், மே மாதங்களில் தென்மராட்சியும் வடமராட்சியும் படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நான் சில மாதங்களின் பின் கொழும்புக்குப் போனேன்.

பொக்கிமோன் என்ற சொல்லை நான் முதன்முதலில் கண்டது கொழும்பில், ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் வேலை செய்தபோது. 1997 டிசெம்பர் 16ஆம் திகதி மாலை யப்பானியத் தொலைக்காட்சியில் பொக்கிமோன் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. பிக்காச்சு என்ற மஞ்சள் நிற எலி மின்னலைப் பாய்ச்சுகிறது. சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாகத் திரையில் மின்னுகின்றன. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வாந்தியும் ஏற்பட்டன. அம்புலன்ஸ்களில் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 685 பேர் என்பது பின்னர் நிலைபெற்ற கணக்கு. நிகழ்ச்சி நான்கு மாதங்கள் நிறுத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், மின்னலைப் பாய்ச்சியது பிக்காச்சு. ஆனால் அந்த அத்தியாயத்தின் கதாபாத்திரமான பொரிகன் என்ற பிராணிதான் பழியைச் சுமந்தது. அதற்குப் பின் தொலைக்காட்சித் தொடரில் அதற்கு ஒரு கதைகூடக் கொடுக்கப்படவில்லை. இன்னொருவர் செய்ததற்கு ஊர்விலக்கம் பெற்றவர்களை எங்களுக்கும் தெரியுமாதலால், இந்தச் செய்தியில் என்னை மிகவும் ஈர்த்தது அதுவே.

இதைத் தமிழில் எழுதும்போது அந்தப் பெயரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் பூதம் என்பது பொருள். 'சட்டைப்பைப் பூதம்' என்றே எழுதிக் கொடுத்தேன். எங்கள் செய்தி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. மறுநாள் பத்திரிகையில் 'கார்ட்டூன் படம்' என்று மட்டுமே இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெயரை வெவ்வேறு இடங்களில் கண்டேன். விளையாட்டாகவோ கார்ட்டூனாகவோ அல்ல. வேறு யாரோ அதைத் தொட்டுக்காட்டிப் பேசுவதாகவே அது என்னிடம் வந்துகொண்டிருந்தது. 1999 மே மாதம் அமெரிக்காவின் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் குடும்பம் தோக்கியோவுக்குப் போகிறது, ஹோட்டல் அறையில் பையன் ஒரு ரோபோக் கார்ட்டூனைப் பார்த்து வலிப்பு வந்து விழுகிறான், குடும்பமே விழுகிறது. பொக்கிமோனின் பெயர் சொல்லப்படவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அதே வருடம் நவெம்பரில் 'சவுத் பார்க்' என்ற இன்னொரு கார்ட்டூன் ஒரு முழு அத்தியாயத்தையே இதற்கு ஒதுக்கியது. யப்பானியப் பொம்மைகள் அமெரிக்கப் பிள்ளைகளின் மூளையைக் கழுவி, பேர்ள் துறைமுகத்தை மறுபடி தாக்க அனுப்புகின்றன என்பது கதை. அதே மாதம் 'ரைம்' சஞ்சிகையின் அட்டையில் பொக்கிமோன். யப்பானைக் கண்டு 1980களில் கார்த் தொழிற்சாலைக்காரர் அடைந்த பயத்தை, 1999இல் அமெரிக்கப் பெற்றோர் அடைந்தார்கள். அந்தப் பயத்தைத்தான் சவுத் பார்க் கேலிசெய்தது.

இந்த வகைக் குறிப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அமெரிக்கா வேண்டியதில்லை. உடுப்பிட்டிக்கு அயலூரான கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம் 1963இல் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கினார். அவருடைய கேலிச்சித்திரங்களில் சவாரித்தம்பர், சின்னக்குட்டி, மிஸிஸ் டாமோடிரன், மெயில் வாகனத்தார் என்று ஒரு கூட்டமே உலாவியது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவரைச் "சவாரித்தம்பர்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், விளக்கம் தேவைப்படாது. அந்தச் சிரிப்புக்குள் நீங்களும் இருந்தால் நீங்கள் ஊரவர். இல்லையென்றால் விருந்தாளி. சுந்தர் காலமானதும் அதே 1996இல்தான்.

இத்தகைய தொட்டுக்காட்டலை ஆங்கிலேயர் 'தலையசைப்பு' என்று பொருள்படும் சொல்லால் வழங்குவர். தெரிந்தவனைக் கூட்டத்தில் கண்டு மெல்லத் தலையசைப்பதைப் போல. யாழ்ப்பாணத்தாருக்குத் தலையசைப்பு என்றதும் நினைவுக்கு வருவது வேறு. சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்ட இளைஞர்களுக்கு முன்னால், சாக்கினால் முகத்தை மூடிய ஒருவர் இருத்தப்பட்டிருப்பார். அவருடைய தலை அசைந்தால் வரிசையிலிருந்து ஒருவர் குறைவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'தலையாட்டி'. ஆங்கிலக் கட்டுரைகளில் அந்தச் சொல்லைக் காணும்போதெல்லாம் ஒரு கணம் வாசிப்பு நின்றுவிடும்.

கதைக்கு வருவோம். காலம் போகப் போக இந்தத் தொட்டுக்காட்டல் கார்ட்டூன்களோடு நிற்கவில்லை. 2005இல் நியூயோர்க் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றின் விஞ்ஞானிகள், புற்றுநோயைத் தூண்டும் ஒரு மரபணுவுக்குப் பொக்கிமோன் என்று சுருக்கப்பெயர் வைத்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டுப் பெயர் புற்றுநோயோடு சேர்ந்து பத்திரிகைத் தலைப்புகளில் வர, நிறுவனத்தார் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றார்கள், பெயர் கைவிடப்பட்டது. 2008இல் யப்பானிய விஞ்ஞானிகள் கண்ணின் விழித்திரையில் கண்டறிந்த ஒரு புரதத்துக்குப் 'பிக்காச்சுரின்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு எவரும் கோபிக்கவில்லை. பார்வை சமிக்ஞை மின்னல் வேகத்தில் போவதற்கு உதவும் புரதம் அல்லவா.

அரசியலுக்குள் வந்த முதற் குறிப்பு தவறுதலாக வந்தது. 2011இல் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற ஹேர்மன் கெய்ன் ஒரு விவாதத்தில் "ஒரு கவிஞர் கூறியதுபோல" என்று சில வரிகளைச் சொன்னார். கவிஞர் யாரென்று பத்திரிகையாளர்கள் தேடினார்கள். அது இரண்டாவது பொக்கிமோன் திரைப்படத்தின் பாட்டு. டிசெம்பரில் போட்டியிலிருந்து விலகும்போது அவரே அதை ஒத்துக்கொண்டு மீண்டும் அந்த வரிகளைச் சொல்லி விடைபெற்றார். அவரது அரசியலில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆயினும் தோல்வியில் அவர் காட்டிய அந்த நகைச்சுவையை எங்கள் தலைவர்கள் எவரிடமும் நான் கண்டதில்லை.

2016 யூலையில் கைத்தொலைபேசியில் விளையாடும் 'பொக்கிமோன் கோ' வந்தது. தெருவில், பூங்காவில், கோயில் வாசலில் தொலைபேசியை நீட்டினால் திரையில் அந்தப் பிராணி நிற்கும், பந்தெறிந்து பிடிக்கலாம். ஹிலாரி கிளின்ரன் ஒரு பிரசாரக் கூட்டத்தில் வாக்குச்சாவடிக்கும் பொக்கிமோன் போகட்டும் என்ற கருத்தில் ஒரு பகிடி விட்டார்; அது பகிடியானதைவிட அவரே பகிடியானது அதிகம். அவுஷ்விற்ஸ் நினைவகமும் வாஷிங்ரன் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும், தங்கள் வளவுக்குள் இந்த விளையாட்டு வேண்டாமென்று கேட்டுக்கொண்டன. வழிபாட்டு இடங்களில் திரையில் முட்டைகள் தோன்றுகின்றன என்று குஜராத் உயர்நீதிமன்றத்தில் ஒருவர் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வருட டிசெம்பரில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளுக்கும் விளையாட்டு முறைப்படி வந்தது.

ஆனால் அந்த யூலையில் என்னை உலுக்கியது இவை எதுவுமல்ல. சிரியாவின் எதிரணி ஊடக அமைப்பொன்று சில புகைப்படங்களை வெளியிட்டது. இடிந்த கட்டடங்களுக்கு முன்னால், மண்படிந்த முகத்தோடு சிறுவர் சிறுமியர். ஒவ்வொருவர் கையிலும் காகிதத்தில் அச்சிட்ட ஒரு பொக்கிமோன் படம். கீழே அரபு மொழியில் ஒரு வாசகம்: நான் இன்ன ஊரில் இருக்கிறேன், வந்து என்னைக் காப்பாற்றுங்கள். கஃப்ர் நபிள் என்ற ஊரின் பெயரை நான் அப்போதுதான் அறிந்தேன்.

அந்தப் படங்களை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் பிக்காச்சுவைத் தேடித் தெருத் தெருவாக அலைகிறது. ஆகவே பிக்காச்சுவின் பின்னால் ஒளிந்துகொண்டால் எங்களையும் தேடி வருவார்கள் என்பது அதன் கணக்கு. ஒரு பத்திரிகையாளனாக எனக்கு அந்தக் கணக்கு விளங்கியது. 1996இலும் அதற்கு முன்னும் பின்னும் எங்கள் ஊர்களிலிருந்து நாங்கள் அனுப்பிய செய்திகளில் எண்ணிக்கை இருந்தது, திகதி இருந்தது, ஊர்ப்பெயர் இருந்தது. வாசிப்பவர் தனக்குத் தெரிந்ததொன்றைக் கண்டு ஒரு கணம் நிற்பதற்கு எதுவும் இருக்கவில்லை. எங்களிடம் உலகத்துக்குத் தெரிந்த எலி இல்லை. அப்படியொன்று இருந்திருந்தால் கதை மாறியிருக்குமென்றும் நான் சொல்லவரவில்லை. படங்கள் உலகமெங்கும் சுற்றின. பின்னரும் அந்த ஊர்களில் குண்டு விழுந்தது.

2019 ஒக்ரோபரில் சிலி நாட்டில் மக்கள் தெருவில் இறங்கியபோது, சந்தியாகோவில் காற்றடைத்த மஞ்சள் பிக்காச்சு உடையில் ஒரு பெண் ஆடினார். ஜியோவன்னா கிராண்டன் என்ற அவர் பள்ளிப் பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றி இறக்குபவர். அவருடைய சிறிய மகன் தாயின் தொலைபேசியில் தானாகவே வாங்கித் தள்ளிய பொருள்களுள் ஒன்றாம் அந்த உடை. சனங்கள் அவருக்கு 'பிக்காச்சு அன்ரி' என்று பெயர் வைத்தார்கள். 2021 மே மாதம் நாட்டுக்குப் புதிய யாப்பு எழுதும் சபைக்கு அவர் தெரிவுசெய்யப்பட்டார். அந்த யாப்பை 2022 செப்ரெம்பரில் மக்கள் நிராகரித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

2025 மார்ச்சில் இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோலு கைதுசெய்யப்பட்டதை எதிர்த்துத் துருக்கியெங்கும் ஊர்வலங்கள். அந்தாலியா நகரில் பொலிஸாருக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பிக்காச்சு ஓடியது. குட்டைக் கால்களோடு அது ஓடிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொலிஸாரிடம் பிடிபடாமல் ஓடும் பிக்காச்சு என்பதால், எவருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தச் சித்திரம் தலைகீழானது.

2025 செப்ரெம்பரில், தங்கை ரொறன்ரோவுக்குத் திரும்பிச் சில கிழமைகளில், அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் ஒரு காணொளியை வெளியிட்டது. குடிவரவு அதிகாரிகள் கதவுகளை உடைக்கிறார்கள். ஆட்களைக் கைவிலங்கிட்டு நடத்திச் செல்கிறார்கள். இடையிடையே பொக்கிமோன் கார்ட்டூன் காட்சிகள். பின்னணியில் அந்தப் பழைய தொடரின் பாட்டு. எல்லாவற்றையும் பிடி என்ற அதே சுலோகம். பிடிபட்டவர்களின் முகங்கள் என் மருமகனின் அல்பத்தில் உள்ளவை போன்ற அட்டைகளில் வருகின்றன. பொக்கிமோன் நிறுவனம் தனக்கு இதில் சம்பந்தமில்லை, அனுமதி கொடுக்கவுமில்லை என்று அறிவித்தது.

அதுவரை இந்தக் குறிப்புகளை எடுத்தவர்கள் கேலிச்சித்திரக்காரரும் விஞ்ஞானிகளும் வேட்பாளரும் ஊர்வலக்காரரும் ஆபத்திலிருந்த பிள்ளைகளும். ஓர் அரசாங்கம் தன் கைதுகளுக்கு அதை எடுத்தது வேறு வகை. பகிடி ஒன்றுதான், ஆனால் பந்தை எறிபவர் மாறிவிட்டார். அட்டையில் இருந்தவர்கள் குற்றவாளிகள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கலாம். குற்றவாளியை நீதிமன்றத்தில் நிறுத்துவதற்கும் அல்பத்தில் வைப்பதற்கும் வித்தியாசம் தெரியாத அரசுகளின் கீழ் வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சொல்ல இருக்கிறது.

இப்போது தங்கை சொன்னதற்கு வருகிறேன்.

தமிழில் 'பிடிக்கும்' என்றால் விருப்பம். 'பிடி' என்றால் கைப்பற்று. கைப்பிடி அரிசியிலும் பிடிதான், பெண் யானையும் பிடிதான். சிவசம்புப் புலவர் பிறந்த ஊரில் ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் இருப்பது அதிசயமல்ல. ஐந்தாவது பொருளொன்றை 1980களில் நாங்கள் சேர்த்துக்கொண்டோம். "அவரின்ரை பொடியனைப் பிடிச்சுப்போட்டாங்களாம்" என்றால், யார் பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்பதே கேள்வி.

1987 மே 26இல் வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கியது. விமானக் குண்டுவீச்சிலிருந்து தப்ப மக்கள் கோயில்களிலும் பள்ளிகளிலும் கூடியிருந்தார்கள். படையினர் ஊர்களைக் கைப்பற்றியதும் இளைஞர்கள் வேறாக்கப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் ஏற்றப்பட்டுத் தீவின் மறுமுனையிலுள்ள காலிக்கு அருகே, பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். யூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப்பொதிகளைப் போட்டதோடு நடவடிக்கை நின்றது. யூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். இவை புத்தகங்களில் இருப்பவை.

எனக்கு அப்போது பதினேழு வயது. இரண்டு கிழமைக்கு முன்னரே என்னைத் தென்மராட்சியிலுள்ள பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணர் போகவில்லை, மாடு கன்று ஈனுகிற நேரம் என்று நின்றுவிட்டார். தங்கைக்குப் பத்து வயது. கோயில் வீதியில் வரிசை வரிசையாக இருத்தப்பட்டவர்களில் அண்ணரையும் எழுப்பிக் கொண்டுபோவதை அவள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தார். இப்போது பிரான்சில் இருக்கிறார். எங்கள் வீட்டில் அவரை வைத்துக்கொண்டு மீன் பிடித்த கதைகூட எவரும் சொல்வதில்லை.

ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்த யூன் மாதம் ஒரு மாணவர் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, எங்கள் ஒழுங்கையிலும் அயலிலும் பிடிபட்ட பொடியன்களின் விவரத்தை எழுதினார். பெயர், வயது, படித்த பள்ளி, அன்று போட்டிருந்த சேட்டின் நிறம். சேட்டின் நிறம் எதற்கென்று பிற்காலத்தில் நான் கேட்டேன். "தேடிப் போறவை என்னத்தைக் கேக்கிறது?" என்றார். ஒவ்வொருவராகத் திரும்பி வர, பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம். நாற்பத்தொரு பெயர்கள். கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் இரண்டு பெயருக்கு நேரே இன்றும் ஒன்றுமில்லை.

அந்தக் காணொளி வந்து மூன்று நாளுக்குப் பின் தங்கை தொலைபேசியில் எடுத்தாள். பள்ளியில் கூட்டாளி ஒருவன் மருமகனுக்கு அதைக் காட்டியிருக்கிறான். பிள்ளைகள் சிரித்தார்களாம், இவனும் முதலில் சிரித்தானாம். வீட்டுக்கு வந்து அல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தாயிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்.

"இந்த ஆக்களின்ரை கார்ட்டை ஆரோட மாத்துறது எண்டு கேக்கிறான் அண்ணா."

"நீ என்ன சொன்னனி?"

"நான் என்னத்தைச் சொல்ல? சாப்பிட வா எண்டன்."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. ரொறன்ரோவில் அப்போது இரவு. பிறகு அவள் கேட்டாள்: "ஐயான்ரை அந்தக் கொப்பி கிடக்கோ?"

அலுமாரிக்குள் காணி உறுதிகளோடு இருக்கிறது என்றேன்.

"பூச்சி அரிச்சுப்போடும். பாச்சை உருண்டை போட்டு வையுங்கோ. அடுத்த முறை வரேக்க அவனுக்குக் காட்டவேணும்" என்றாள்.